விளக்கடியில் வந்தது தட்டான் அல்ல

இரவில் வாசல் விளக்கைத் தேடி வரும் பூச்சிகளில் ஒன்று பார்ப்பவரைச் சற்றுத் தயங்க வைக்கும். ஒல்லியான நீண்ட உடல், நெருக்கமாக நரம்போடிய நான்கு கண்ணாடிச் சிறகுகள், தள்ளாடித் தள்ளாடிப் பறக்கும் போக்கு. பெரும்பாலோர் அதைத் தட்டான் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதே வீட்டுத் திண்ணையோரப் புழுதியில் புனல் வடிவக் குழி பறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் குழியானையைப் பிள்ளைகள் ஈர்க்குச்சியால் கிளறி விளையாடிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஒரே உயிர். குழியானை வளர்ந்து சிறகு முளைத்தால் விளக்கடிக்கு வரும் பூச்சியாகிறது. புழுவாக இருப்பது சிறகுக்கு முன்னோட்டம் என்றே பாடநூல் வழக்கம் நம்மை எண்ண வைக்கிறது. இந்தப் பூச்சியைப் பொறுத்தவரை அது தலைகீழ். மண்ணுக்குள் கழிவதே அதன் வாழ்க்கை, சிறகு அதன் கடைசிச் சில வாரங்கள் மட்டுமே.

முதலில் அடையாளத்தைத் தீர்த்துவிடலாம். தட்டானின் உணர்கொம்புகள் மயிரளவுக்குச் சிறியவை, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். குழியானைப் பூச்சிக்கோ அவை தடித்து, நுனி உருண்டு, எடுப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். உட்காரும்போது தட்டான் சிறகுகளைப் பக்கவாட்டில் விரித்து வைக்கும். ஊசித்தட்டான்களில் பல முதுகுக்கு மேல் சேர்த்து வைக்கும். குழியானைப் பூச்சியின் சிறகுகள் ஓட்டுக்கூரையின் இரு சரிவுகளாக உடலை மூடியிருக்கும். இரவில் வருவதே போதுமான சான்று என்று சொல்லிவிட முடியாது. அந்தியில் பறக்கும் தட்டான்களும் உண்டு, அவை சில நேரம் விளக்குக்கும் வரும். ஆகவே நேரத்தை நம்பாமல் கொம்பைப் பார்ப்பதே சரி. குழியானைப் பூச்சிகளின் குடும்பத்திலேயே மிகப் பெரியவை பால்பேரெஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. பழுப்புத் திட்டுகள் படிந்த அகன்ற சிறகுகள் அவற்றுக்கு. சிறகை விரித்தால் 10 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடியவை அவற்றில் உண்டு. ஆப்பிரிக்காவில் பல இனங்கள் இருக்கின்றன, இந்தியாவிலும் சில உண்டு.

இனி மண்ணுக்கு வருவோம். பெண் பூச்சி வயிற்று நுனியால் மணலைத் தட்டிப் பார்த்து முட்டைகளை அதில் புதைக்கிறது. பொரித்து வரும் புழு மழைச்சாரல் படாத நுண்மணலில் தங்குகிறது. கூரையிறப்பு, பாறையிடுக்கு, மண்டப நிழல் எல்லாம் அதற்கு ஏற்ற இடங்கள். பின்பக்கமாகவே நகர்ந்து, வட்டமிட்டு உள்நோக்கிச் சுழன்று, தலையால் மணலை வெளியே வீசி வீசிக் குழியை ஆழப்படுத்துகிறது. பெரிய துகள்கள் வெளியே போய்விட, சரிவில் நுண்ணிய துகள்களே மிஞ்சுகின்றன. காய்ந்த மணல் எந்தச் சாய்வுக்குமேல் நிற்காமல் சரியுமோ, அந்த எல்லையிலேயே குழியின் சுவர் நிற்கிறது. அதனால்தான் எறும்பின் கால் பட்டதும் பிடிமானம் போகிறது. ஏற முயலும் எறும்பின் மேல் அடியிலிருந்து மணல் மாரி வேறு. அரிவாள் போல் வளைந்த தாடைகள் இரையைக் கவ்வியதும் அவற்றிலுள்ள குழல் வழியே செரிமானச் சாற்றைச் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிக்கொண்டு, வெறும் கூட்டை வெளியே எறிந்துவிடுகிறது. பல நாள் இரை கிடைக்காவிட்டாலும் புழு தாங்கும், வளர்ச்சி மட்டும் தாமதமாகும். இப்படி ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கழிகிறது. எல்லா இனங்களும் குழி பறிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். உலகில் உள்ள சுமார் 2000 இனங்களில் குழி பறிப்பவை சிறுபான்மைதான். மற்றவை மணலுக்குள் பதுங்கியோ குப்பைகூளத்தில் ஒளிந்தோ வேட்டையாடுகின்றன. பெரிய பால்பேரெஸும் அப்படித்தான்.

இந்தப் புழுவின் உடலமைப்பில் ஒரு விந்தை உண்டு. அதன் நடுக்குடல் பின்குடலோடு திறந்து இணைவதில்லை. திடக்கழிவு வெளியேற வழியில்லாததால் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே தங்கி, சிறகு முளைத்து வெளிவந்தபின்தான் கழிகிறது. கழிவுப்பாதையின் பின்முனைக்கோ வேறு வேலை. பருவம் வந்ததும் அங்கிருந்துதான் பட்டு நூல் வருகிறது. மணல் துகள்கள் ஒட்டிய சின்னஞ்சிறு உருண்டையாகக் கூடு கட்டிக்கொண்டு, சில வாரங்கள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, பிறகு கூட்டைக் கிழித்து மேலேறுகிறது. வெளிவந்தபின் சிறகும் வயிறும் நீள்வதால், கோலிக்குண்டை எட்டாத கூட்டுக்குள்ளிருந்து இத்தனை நீளப் பூச்சியா என்று வியக்கத் தோன்றும். அதன்பின் அதற்கு மிஞ்சும் காலம் பெரும்பாலும் ஒரு மாதம் அளவுதான்.

இனப்பெருக்கம் செய்வது சிறகுள்ள பருவம்தானே, அதுவே முழுமை என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். துணையைத் தேடுவதும் புதிய மணலுக்குச் சந்ததியைக் கொண்டுசேர்ப்பதும் சிறகில்லாமல் நடக்காது. ஆனால் அந்தச் சிறகின் ஒவ்வொரு நரம்பும் மண்ணில் உறிஞ்சிய எறும்புச் சாற்றால் ஆனது. வளர்ந்த பூச்சிகள் சில சிற்றுயிர்களையோ மகரந்தத்தையோ உண்டாலும் அதன்பின் உடல் வளர்வதில்லை. தட்டானும் நீரில் நெடுநாள் இளம்பூச்சியாக வாழ்வதுதானே என்று கேட்டால், ஆம். ஆனால் அது கூட்டுப்புழுப் பருவமே இல்லாமல் நேரே சிறகுக்குத் தாவிவிடும். குழியானை கூட்டுக்குள் தன் உடலையே திரும்பக் கட்டுகிறது. அதனால்தான் இரண்டு பருவங்களையும் ஒரே பூச்சியாகக் காண நமக்குக் கடினமாக இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ரேமூர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதை விரிவாக எழுதியும், 1767இல் லின்னேயஸ் மிர்மெலியான் என்று பேரினப் பெயர் சூட்டியும், நம் வாசலில் இந்தப் பூச்சி இன்னும் தட்டானாகவே போய்க்கொண்டிருக்கிறது.

நம்பாதவர் சோதித்துப் பார்க்கலாம். நன்கு வளர்ந்த குழியானை ஒன்றைக் காய்ந்த நுண்மணல் நிரப்பிய அகன்ற பாத்திரத்தில் விட்டு, இரண்டு மூன்று நாளுக்கொரு எறும்பு போடுங்கள். குழி பறிப்பது நின்றுவிட்டால் கூடு கட்டத் தொடங்கியிருக்கலாம், மணலைக் கிளறாதீர்கள். ஒரு குச்சியை மட்டும் நட்டு வையுங்கள். அதில் ஏறித் தொங்கினால்தான் பூச்சியின் சிறகு ஒழுங்காக விரியும்.