மூன்று பழசிலிருந்து ஒரு சிஸ்டம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும். இடையில் மாட்டிக்கொண்ட 4, 6, 7-ஆம் தலைமுறை சிஸ்டம்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூலைக்குப் போயின. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் அப்படி ஒதுக்கியதில், ஓடுவதையெல்லாம் ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஓடாதவை மூன்று மிஞ்சின. காயலான் கடைக்காரர் எடை போட வருவதற்குள் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றில் பவரே வரவில்லை. இன்னொன்றில் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. மூன்றாவதில் மதர்போர்டையே யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். இரண்டு மாலை உட்கார்ந்ததில் மூன்றும் சேர்ந்து ஒன்றாக எழுந்தன. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் இதைச் செய்யலாம். எந்தப் பழசை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதுதான் தெரிய வேண்டும்.

கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் கிழடு தட்டுவதில்லை. பிராசசரும் ரேமும் அசைவில்லாத சிலிக்கான் சில்லுகள். சூடு மிஞ்சாமல், மின்சாரம் தாறுமாறாகப் பாயாமல் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடம் கழித்தும் முதல் நாள் போட்ட கணக்கையே போடும். கெட்டுப்போவது அவற்றைச் சுற்றி இருப்பவை. உருளை வடிவக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் வற்றிப்போகிறது. ஃபேனின் பேரிங்கில் எண்ணெய் காய்கிறது. ஹார்டு டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்ற, அதற்கு மேல் தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் ஒரு முனை பறந்துகொண்டே இருக்கிறது. அது எத்தனை வருடம் தாங்கும்? பிராசசர் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்கிறது.

அதனால் என் கணக்கு இது: பிராசசர், ரேம், கேபினெட், நல்ல நிலையில் இருக்கும் போர்டு எல்லாம் பழசாக இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), டிஸ்க், பட்டன் பேட்டரி, பேஸ்ட் நான்கையும் புதிதாக வாங்கிவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் மலிவாகக் கிடைக்கும்தான். அந்த மலிவுக்கு ஆசைப்பட்டு ஒரு நல்ல போர்டை எரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம்.

அடுத்தது பொருத்தம். கல்யாணத்துக்குப் பத்துப் பார்ப்பார்கள்; இதற்கு இரண்டு போதும். பிராசசரும் போர்டும் ஒரே சாக்கெட்டாக இருக்க வேண்டும். ரேம் அந்தப் போர்டு ஏற்கும் வகையாக இருக்க வேண்டும். இன்டெல் பக்கம் கோர் 2 டுவோ காலத்துப் போர்டுகள் எல்ஜிஏ 775. 2011, 2012-இல் வந்த 2, 3-ஆம் தலைமுறைக்கு 1155. 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறைக்கு 1150. 2015-இல் தொடங்கிய 6-ஆம் தலைமுறைக்கும் அடுத்த 7-க்கும் 1151. பலர் ஏமாறுவது இந்தக் கடைசி எண்ணில்தான். 8-ஆம் தலைமுறை சாக்கெட்டும் 1151 என்றே பெயர் கொண்டது, பிராசசர் கச்சிதமாக உட்காரவும் செய்யும், ஆனால் 6, 7-க்கான போர்டில் ஓடாது. ஐ5-4570 என்று எழுதியிருந்தால் கோடுக்கு அடுத்த முதல் இலக்கம்தான் தலைமுறை.

ரேமில் குழப்பம் குறைவு. டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஒவ்வொன்றுக்கும் அடியில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். தப்பான ஸ்லாட்டில் இறங்காது. இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள். லேப்டாப் ரேம் நீளத்தில் பாதிதான், டெஸ்க்டாப் போர்டில் அதற்கு இடமே கிடையாது. ஆனால் செத்த லேப்டாப்பின் இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் டெஸ்க்டாப்பில் அப்படியே மாட்டிக்கொள்ளும்.

பெரிய பிராண்டு அலுவலக சிஸ்டம்களில் ஒரு தொல்லை உண்டு. சிலவற்றில் போர்டுக்குப் போகும் பவர் கனெக்டர் வழக்கமான 24 பின்னாக இல்லாமல் அவர்களே வைத்துக்கொண்ட அளவில் இருக்கும். அப்படிப்பட்டதை முழு சிஸ்டமாகக் கிடைத்தால் மட்டும் எடுக்கலாம். போர்டை மட்டும் எடுத்தால் பிறகு எஸ்எம்பிஎஸ் தேடி அலைய வேண்டும்.

என் கையில் இருந்த இரண்டு போர்டும் அதிர்ஷ்டவசமாக 1150, வழக்கமான கனெக்டர். பவர் வராத சிஸ்டத்தில் ஐ5, டிஸ்ப்ளே வராததில் ஐ3. போர்டை வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். டார்ச்சைவிட வெயில் நல்லது. ஐ5 இருந்த போர்டில், பிராசசருக்குப் பக்கத்தில் இரண்டு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. நல்ல கெப்பாசிட்டரின் மேல்பகுதி ரூபாய் நாணயம் போலத் தட்டையாக இருக்க வேண்டும். உப்பல், பழுப்புக் கசிவு இரண்டில் எது தெரிந்தாலும் அந்தப் போர்டு சந்தேகத்துக்குரியது. 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்களால் உலகம் முழுக்க லட்சக்கணக்கான போர்டுகள் இப்படித்தான் வீங்கிச் செத்தன. சால்டரிங் தெரிந்தவர் மாற்றிவிடுவார். எனக்கு வராது, ஒதுக்கி வைத்தேன். இன்னொரு போர்டு சுத்தமாக இருந்தது. அதன் சாக்கெட்டுக்குள் இருக்கும் நுண்ணிய பின்களை, போர்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே வரிசையில் பளபளத்தால் நல்லது. ஒன்று மட்டும் வேறு விதமாக மின்னினால் அது வளைந்திருக்கிறது. ஏஎம்டி-யின் பழைய பிராசசர்களில் பின்கள் போர்டில் இல்லை, பிராசசரின் அடியில் இருக்கும். அவற்றில் காய்ந்த பேஸ்ட்டோடு ஹீட்சிங்க்கைப் பிடுங்கினால் பிராசசரும் பின்னோடு சேர்ந்து வந்துவிடும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பழசு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, போர்டிலிருந்து எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்துவிட்டு ஸ்விட்ச் போட வேண்டும். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை வர வேண்டும். ஆனால் சுமை ஏற்றாதபோது சரியாகக் காட்டுவது, சுமை ஏறியதும் படுத்துவிடலாம். சோதனையில் பாஸ் ஆனதால் நம்பிவிட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்னோட்டமாக மாறுகிறது. அணைத்த பிறகும் சற்று நேரம் அது கெப்பாசிட்டரில் தேங்கியே நிற்கும். பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றின் முதுகில் 115, 230 என்று மாற்றும் ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். வீட்டுக் குழந்தை அதை 115 பக்கம் தள்ளியிருந்தால், போட்டதும் வெடிச்சத்தம்தான்.

புதிது வாங்கும்போது மேலே பெரிதாக எழுதியிருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 25 ஆம்பியர் என்றால் 300 வாட். கிராபிக்ஸ் கார்டு போடாத சிஸ்டத்துக்கு அது தாராளம்.

இனி மாட்டுவது. நேரே கேபினெட்டில் மாட்டாதீர்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டி அல்லது தடித்த மர மேசை மேல் போர்டை வையுங்கள். பிராசசர், ஹீட்சிங்க், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர். வேறு எதுவும் வேண்டாம், டிஸ்க் கூட வேண்டாம். 4-ஆம் தலைமுறை ஐ3, ஐ5-இல் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஒரு பட்டாணி அளவு பேஸ்ட்டை நடுவில் வைத்தால் போதும், ஹீட்சிங்க்கின் அழுத்தத்தில் தானே பரவும். இன்டெல்லோடு வரும் வட்ட ஹீட்சிங்க்குக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். எதிரெதிர் மூலையாக அழுத்தி, போர்டைத் திருப்பி நான்கும் பின்னால் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். மூன்று மட்டும் பிடித்திருந்தால் சிஸ்டம் ஓடும், அரை மணியில் சூடேறித் தானே அணையும், காரணம் புரியாமல் மண்டை காயும். பவர் பட்டன் இன்னும் இல்லையே? போர்டின் ஓரத்தில் பவர் ஸ்விட்ச்சுக்கென்று இருக்கும் இரு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் போதும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் தனி 4 பின் கனெக்டர். பெரிய 24 பின்னை மாட்டிவிட்டு இதை மறந்தால் ஃபேன் சுற்றும், பிராசசருக்கு மின்சாரம் போகாது. நானே இதை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் ரேமைத் திட்டியிருக்கிறேன். அடுத்தது ரேம். சர்வீஸ் கடைகளில் பென்சில் ரப்பரால் ரேமின் தங்க நிறப் பற்களைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மூடநம்பிக்கை இல்லை. பற்களில் படிந்த அழுக்குப் படலம் மின் தொடர்பைக் கெடுக்கிறது, ரப்பர் அதை எடுக்கிறது. மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள், ரேமை மாற்றிப் பாருங்கள். இரண்டு ரூபாய் அளவு குட்டி ஸ்பீக்கர் ஒன்றை போர்டில் மாட்டினால் அதுவே பேசும். ஒரு சின்ன பீப் என்றால் பெரும்பாலும் நலம். நீண்ட பீப் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ரேம். போர்டுக்குப் போர்டு இந்த மொழி கொஞ்சம் மாறும்.

என் கதையில் ரப்பர்தான் வென்றது. டிஸ்ப்ளே வராத சிஸ்டத்தில் கெட்டது எதுவுமே இல்லை, ரேமின் பற்களில் பாசி பிடித்தாற்போல் அழுக்கு. திரை வந்ததும் அணைத்துவிட்டு, ஐ3-ஐக் கழற்றி ஐ5-ஐ வைத்தேன். அடுத்த சிஸ்டத்தின் 4 ஜிபி ரேமைச் சேர்த்து 8 ஜிபி ஆக்கினேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஸ்விட்ச் போட்டுப் பார்ப்பது. இரண்டைச் சேர்த்து மாற்றினால் தவறு எதில் என்று தெரியாது. கடைசியில் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை ஒரு ராத்திரி ஓடவிட்டால் ரேமில் ஓட்டை இருந்தால் சொல்லிவிடும்.

கேபினெட்டுக்குள் மாட்டும்போது ஒன்றே ஒன்று கவனம். போர்டுக்கு அடியில் பித்தளைக் கால்கள் இருக்க வேண்டும், போர்டில் துளை இருக்கும் இடங்களில் மட்டும். துளை இல்லாத இடத்தில் ஒரு கால் மிச்சமிருந்தால் அது போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கும்.

டிஸ்க்குக்கு வருவோம். பழைய ஹார்டு டிஸ்க் வேண்டாம் என்பதற்கு ஆயுள் மட்டும் காரணமில்லை. பழைய சிஸ்டம் மெதுவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். புது எஸ்எஸ்டி போட்டதும் பத்து வருடப் பழைய ஐ5 புதுசு போல ஓடும். என் போர்டின் எச்81 சிப்செட்டில் நான்கு சாட்டா போர்ட்களில் இரண்டு மட்டும் 6 ஜிகாபிட் வேகம். பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும், எஸ்எஸ்டியை அதில் மாட்டுங்கள். கழற்றிய டிஸ்க்குகளில் அலுவலகத்தின் கணக்குகள் அப்படியே இருந்தன. திறந்து பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆதரவு நின்ற விண்டோஸ் 10-இல் வங்கிக் கணக்கைத் திறக்க எனக்கு மனம் வராது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை பென் டிரைவில் எழுதிப் போட்டேன். 4 ஜிபி ரேமிலேயே வசதியாக ஓடும், ஆனால் இன்று நினைவகத்தைத் தின்பது பிரவுசர் என்பதால் 8 இருப்பது நல்லது. தமிழ் 99 விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. முதல் முறை இணையத்தில் நுழைந்தபோது எந்தத் தளமும் திறக்கவில்லை, எல்லாமே பாதுகாப்பற்றது என்றது. தேதி 2013 என்று நின்றிருந்தது. போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலவரை உண்டு, தேதி தப்பானால் பிரவுசர் மறுத்துவிடும். புது பேட்டரி போட்டு பயாஸில் தேதியைத் திருத்தினேன், தீர்ந்தது. நான்கு புதுப் பொருள்களில் கடைசியாக மாட்டியது அதுதான்.

மிச்சமான உப்பிய போர்டையும் செத்த எஸ்எம்பிஎஸ்களையும் எடைக்குப் போடவில்லை. போர்டைத் திராவகத்தில் போட்டு உலோகம் பிரிப்பவர்கள் கைக்கு அது போகக் கூடாது. பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

மானிட்டரோடு சேர்த்து 80 வாட் என்று வைத்து தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால், நம் இரண்டு மாத மின் கட்டணத்தில் இது 38 யூனிட் சேர்க்கும். எவ்வளவு பழசு வரை போகலாம் என்று கேட்டால், அன்றாட வேலைக்கு 2-ஆம் தலைமுறை வரை போகலாம், கோர் 2 டுவோ கட்டுரை எழுத மட்டும். 2005-இல் வந்த பென்டியம் டி-யில் சில வகைகளுக்கு 130 வாட் வெப்பத்தைத் தாங்கும் ஹீட்சிங்க் தேவைப்பட்டது. அந்த உழைப்புக்கு இன்றைய பிரவுசர் நகரக்கூட நகராது. அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.