லோரியில் அடிபட்ட தம்பிக்கு இரண்டு வழி

ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம் வாசகர்களில் பலர். தமிழ்நாட்டிலிருந்து அங்கே கட்டுமான வேலைக்குப் போனவர்களும் நமக்கு உறவுதான். ஆகவே இந்த வாரம் சிங்கப்பூர் விவகாரம் ஒன்றைப் பார்ப்போம்.

2021 ஏப்ரல் 20ஆம் நாள் காலை, அங்குள்ள தீவு விரைவுச்சாலையில் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற லோரி, நின்றுகொண்டிருந்த டிப்பர் லோரியில் மோதியது. 17 தொழிலாளர்கள் காயமடைந்தனர். அவர்களில் இருவர் இறந்தனர். ஒருவர் வங்காளதேசத்தவர், மற்றவர் இந்தியர். வேலைக்குப் புறப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை!

இப்படி அடிபட்டவன் முதலில் என்ன நினைக்கிறான்? “தப்பு டிரைவர் மேலயா, எதிர் வண்டி மேலயா? யாரைப் போய்க் கேட்கிறது?” என்று குழம்புகிறான். குழம்ப வேண்டாம் தம்பி. உனக்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம். இதில் யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வக்கீலும் தேவையில்லை. முதலாளி ஏற்பாடு செய்த லோரியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால், அது வேலையில் பட்ட காயமாகவே கணக்கிடப்படும். உடலுழைப்புத் தொழிலாளர் எல்லாருக்கும் முதலாளி காப்புறுதி எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்டிருந்தாலும் பணம் கொடுக்கும் கடமை அவரை விடாது.

கிடைப்பது என்ன? 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு, மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை அல்லது ஓராண்டு வரை, எது முந்துகிறதோ அதுவரை கிடைக்கும். எம்.சி. நாட்களில் முதல் 14 நாளுக்கும், ஆஸ்பத்திரியில் தங்கினால் 60 நாளுக்கும் முழுச் சம்பளம். அதற்குமேல் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. நிரந்தர ஊனத்துக்கு, வயதையும் சம்பளத்தையும் ஊனத்தின் அளவையும் வைத்துத் தொகை போடுவார்கள். உயிர் போனால் குடும்பத்துக்குக் குறைந்தது 91,000, அதிகம் 269,000 வெள்ளி. ஓவர்டைம் காசும் சம்பளக் கணக்கில் சேரும். அதனால் சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதே!

இரண்டாவது வழி நீதிமன்றம். அங்கே எதிராளியின் கவனக்குறைவை நீதான் நிரூபிக்க வேண்டும். வக்கீல் செலவும் உண்டு. ஜெயித்தால் வலிக்கும் வேதனைக்கும் வருங்காலச் சம்பாத்தியத்துக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கிடைக்கலாம். தோற்றால் கையில் இருப்பதும் போகும். ஒரே காயத்துக்கு இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது.

நாள் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. முதல் வழிக்கு விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். நீதிமன்றத்துக்கு மூன்றாண்டு. இழப்பீட்டு மதிப்பீட்டுக் கடிதம் வந்தபின் அதை ஏற்க மனமில்லையென்றால் 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பாலம் தாண்டும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் சொந்த மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகையில் விழுந்தாலும் சொக்சோ பார்க்கும். சிங்கப்பூரில் சொக்சோ கிடையாது. அங்கே சொந்த வண்டியில் வேலைக்குப் போய்வரும்போது அடிபட்டால் முதல் வழி அடைபட்டுவிடும். இடித்த வண்டியின் காப்புறுதியைத்தான் நாட வேண்டும். ஆகவே வண்டி எண், போலீஸ் புகார், சாட்சிகளின் பெயர், படங்கள் எல்லாம் அன்றே கைக்கு வர வேண்டும்.

“ஊருக்குப் போயிடுப்பா, பணத்தை அனுப்பி வைக்கிறேன்” என்று யாராவது சொன்னால் அவசரப்படாதே. டாக்டர் ஊனத்தை மதிப்பிடும் முன்னே போய்விட்டால் பிறகு அலைச்சல்தான். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்தும் போடாதே.

காத்திருப்பது எளிதென்று சொல்லவில்லை. வேலை அனுமதி ரத்தாகி, கோரிக்கை முடியும்வரை சிறப்பு அனுமதிச் சீட்டில் தங்கியிருப்பவர் பொதுவாக வேலை செய்ய முடியாது. சாப்பாட்டுக்கே திண்டாட்டம். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ‘டிரான்சியண்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ’ என்ற தொண்டு அமைப்பு 2008இல் லிட்டில் இந்தியாவின் கஃப் சாலையில் இலவச உணவுத் திட்டம் தொடங்கியது. சிராங்கூன் சாலையில் வெளிநாட்டு ஊழியர் நிலையமும் இருக்கிறது. அங்கெல்லாம் போய் யோசனை கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது?

பெற்றவர்களே, இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள். இந்த நட்டஈடு தர்மம் அல்ல, உழைத்தவனின் உரிமை. நாள் தவறாமல் கேட்டால்தான் அது கைக்கு வரும்.