அந்திக்கால வீடுகள் – 9: சாவி யாரிடம்?

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, மேட்டுக்கு ஏறும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது அந்த முதியோர் இல்லம். பெயர் வேண்டாம். பழைய வீடொன்றுக்கு இரண்டு அறை கூட்டிக் கட்டி இல்லமாக்கியிருக்கிறார்கள். பகலில் போனால் சமையல், துடைப்பு, மருந்து என்று ஆட்கள் நடமாட்டம். நான் போனது இரவு ஒன்பதரைக்கு. பதினேழு முதியவர்களுக்கு ஒரே ஒரு அக்கா. கேற் சாவி அவர் இடுப்பில்.

"தொறந்து வச்சா ரோட்டுக்குப் போயிடுவாங்க சேர்."

ஒரு பாட்டியின் கட்டிலுக்குக் கீழே நுளம்புச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. தொங்கிய விரிப்பின் நுனிக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும். இடுப்பு முறிந்த அந்தப் பாட்டி கழிவறைக்குப் போகவேண்டும் என்றார். அக்கா அவரைத் தூக்கி உட்காரவைத்து, சக்கர நாற்காலிக்கு மாற்றி, நிலைப்படியில் சில்லு இடிபட்டு, கழிவறை வாசலுக்குக் கொண்டுபோக ஆறு நிமிடம். இன்னும் பதினாறு பேர்.

2019 இல் கண்டி யட்டிநுவர வீதியில் மாடிக் கட்டிடம் எரிந்தபோது ஒரு தகப்பன் மேலிருந்து பிள்ளைகளைக் கீழே போட, நின்றவர்கள் ஏந்திக் காப்பாற்றினார்கள். பாட்டியை அப்படிப் போட முடியாது.

சாவியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்கு முன், இராமநாதபுரம் மாவட்டத்து மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 'ஓடிவிடுவார்கள்' என்ற அதே பயம்தான் அங்கும் பூட்டுப் போட்டது.

சங்கிலி இல்லாத நாட்டிலும் நடந்திருக்கிறது. 2004 ஜனவரி 31, ஸ்கொட்லாந்தின் ரோஸ்பார்க் இல்லம். அதிகாலையில் ஓர் அலுமாரிக்குள் மின்கோளாறு. வேலையில் நான்கு பேர். மணி அடித்தும், எங்கே தீ என்று தேடிவிட்டுத்தான் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார்கள். 14 பேர் போனார்கள். கொன்றது பெரும்பாலும் புகை. படுக்கையறைக் கதவுகள் திறந்து கிடந்தன. சரியான தீப் பாதுகாப்புத் திட்டம் இருந்திருந்தால் சில மரணங்களையாவது, ஒருவேளை எல்லாவற்றையுமே, தவிர்த்திருக்கலாம் என்றது 2011 இல் வந்த விசாரணைத் தீர்ப்பு.

பகல் ஆட்களை எண்ணிப் போட்ட திட்டம் இரவில் வெறும் கடதாசி. ஒருவரால் பதினேழு பேரை முற்றத்துக்கு எடுக்க முடியாது; அப்படி எதிர்பார்ப்பதே தவறு. முதலில் 110 இல் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும். பிறகு தீ இருக்கும் அறைக்காரரை இழுத்தெடுத்து, அந்தக் கதவைச் சாத்த வேண்டும். அடுத்து, பக்கத்து அறைகளில் இருப்பவர்களை வீட்டின் மறுபாதிக்கு நகர்த்தி, இடைக்கதவையும் சாத்த வேண்டும். நடக்கமுடியாதவரைத் தூக்கத் தேவையில்லை. கம்பளியோடு தரையில் இழுக்கலாம். பழகியிருந்தால் ஒல்லியான பெண்ணுக்கும் முடியும். ஆனால் அந்த இடைக்கதவு வேண்டுமே! நான் பார்த்த வீட்டில் அந்த இடத்தில் பூப்போட்ட திரைச்சீலை.

முதியோர் இல்லங்களைப் பதிவு செய்ய 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சான்றிதழைச் சுவரில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அம்மாவை, அப்பாவை இல்லத்தில் விட்டிருப்பவர்களே, ஞாயிறு பகலில் பழப்பையோடு போகிறீர்கள். ஒருமுறை இரவு பத்து மணிக்குப் போங்கள். எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், சாவி யாரிடம், இரண்டாவது சாவி எங்கே என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

(தொடரும்)