காயத்துக்கு இரண்டு எண்கள்

மரக்காணத்து உப்பளங்களில் வேலை வைகறையிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் உப்பை வாரிவிடவேண்டும் என்று தொழிலாளர் இருள் பிரியுமுன்னரே நடக்கத் தொடங்குகின்றனர். அவ்வழியே செல்வது, சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஒருநாள் அச்சாலையைக் கடந்த பெண் ஒருத்தியின்மேல் ஸ்கூட்டர் மோதிக் கால் எலும்பு முறிந்தது என வைத்துக்கொள்வோம். மருத்துவர் கட்டுப் போட்டுவிட்டு, 'கால் முறிவு' என்று மட்டும் எழுதுகிறார். முறிந்த காலைச் சேர்ப்பதற்கு அது போதும். நாளை அவ்வழியே நடப்பவரைக் காப்பதற்குப் போதுமா?

நோய்களையும் மரணக் காரணங்களையும் உலகெங்கும் ஒரே முறையில் எண்ணவேண்டும் என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ழாக் பெர்த்தியோன் 1893இல் அளித்த பட்டியலே அதற்கு அடிப்படை. 1948இல் உலக சுகாதார நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் நம் நாட்டு மருத்துவமனைகளில் பெரிதும் பயின்றுவருகிறது. பதினோராம் திருத்தம் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

பத்தாம் திருத்தத்தின்படி ஒரு காயத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. என்ன காயம் என்பதைச் சொல்வது முதல் எண். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால் அது எஸ் 82. காயம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்வது இரண்டாம் எண். நடந்து செல்பவர்மேல் சைக்கிள் மோதினால் வி 01. ஸ்கூட்டர், ஆட்டோ முதலியன மோதினால் வி 02. கார் எனில் வி 03. லாரி, பஸ் எனில் வி 04. இரயில் எனில் வி 05.

புள்ளிக்குப் பின்வரும் இலக்கம் இடத்தைக் குறிக்கும். உப்பேற்ற வந்த லாரி அளத்தின் உள்ளே ஒருவரை இடித்தால் வி 04.0, பொதுச்சாலையில் இடித்தால் வி 04.1. முன்னதைத் தடுக்கவேண்டியவர் அளத்தை நடத்துவோர். பின்னதைத் தடுக்கவேண்டியவர் சாலையைப் பேணுவோர். ஓர் இலக்கத்தில் பொறுப்பே மாறிவிடுகிறது!

மரக்காணத்தில் இரயில் இல்லை. மேற்கே திண்டிவனத்தின் வழியே இருப்புப்பாதை செல்கிறது. அங்கு ஒருவர் அடிபட்டால், அது தற்செயலாக நேர்ந்ததா என்பதும் தெரியவேண்டும். தற்செயல் என்று தெளிந்தால் வி 05. துணிய இயலாவிடின் ஒய் 31. எண் இடுபவர் ஊகித்து எழுதலாகாது.

இனி, அப்பெண்ணிடம் திரும்புவோம். 'கால் முறிவு' என்று மட்டும் எழுதினால் இரண்டாம் எண் எக்ஸ் 59 ஆகும். 'காரணம் குறிக்கப்படவில்லை' என்பது அதன் பொருள். வரப்பில் வழுக்கி விழுந்தவருக்கும் அதே எண் விழக்கூடும். 'நடந்து சென்றார், சாலை விபத்து' என்றால் வி 09. மோதிய வண்டி எதுவென்று தெரியாது. 'சாலையைக் கடக்கையில் ஸ்கூட்டர் மோதியது' என்று எழுதினால்தான் வி 02.1 என்னும் சரியான எண் கிட்டும்.

விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. அடிபட்டவரைக் காப்பது அது. அடிபடாமல் காப்பது இன்னொரு கடமை. எங்கே விளக்கு வேண்டும், எங்கே வேகத்தடை வேண்டும் என்று ஆராய்பவர், ஆயிரம் குறிப்பேடுகளைத் திரட்டித்தான் பார்க்கவேண்டும். அவற்றில் எக்ஸ் 59 மலிந்திருந்தால், அப்பெண்ணின் வலி எவருக்கும் எதையும் சொல்லாமற் போகும்.

மாணவர்களுள் நாளை மருத்துவராகப் போகிறவர் பலர் இருப்பீர்கள். கட்டுப் போட்ட பின்பு, 'எப்படி அடிபட்டது, அம்மா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடையை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.