கண்டால் மட்டும் போதுமா?

ஒரு விஞ்ஞானி புதிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அத்துடன் அவர் வேலை முடிந்துவிட்டதா? இல்லை! அதை எழுதி, அச்சேற்றி, உலகின் முன் வைக்க வேண்டும். ஏன் தெரியுமா?

1928-ஆம் ஆண்டு. கல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்து வந்தனர். ஒரு நிற ஒளியைத் திரவத்தில் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறிய பகுதி நிறம் மாறி வருவதைக் கண்டனர். உடனே ஒரு சிறு குறிப்பு எழுதி, பிப்ரவரி 16 அன்று லண்டனிலிருந்து வரும் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினர். மார்ச் 31-இல் அது வெளிவந்தது.

ஏறக்குறைய அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்னும் இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டனர். ஆனால், அவர்கள் கட்டுரை அச்சாகி வந்தது ஜூலை மாதத்தில்தான்! அதற்குள் ராமனின் கண்டுபிடிப்பு பல நாடுகளுக்கும் எட்டிவிட்டது. இன்று நாம் அதை 'ராமன் விளைவு' என்கிறோம்.

முந்திக்கொள்வதற்காக மட்டுமா கட்டுரை? அன்று. பிறர் சோதித்துப் பார்ப்பதற்காகவே அது. ராமனின் கட்டுரையைப் பார்த்த அமெரிக்க விஞ்ஞானி ஆர். டபிள்யூ. வுட், அதே ஆண்டில் தாமே சோதனை செய்து அதை உறுதிப்படுத்தினார். 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆராய்ச்சிக் கட்டுரை எப்படி இருக்கும்? உங்கள் ரிகார்டு நோட்டைத் திறந்து பாருங்கள். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, கண்டறிந்தவை, முடிவு. ஏறக்குறைய அதேதான்! முன்பு அத்துறையில் பிறர் கண்டவை எவை, தம் அளவீட்டில் எவ்வளவு பிழை வரலாம் என்பவற்றையும் விஞ்ஞானி சேர்த்து எழுதுவார்.

இன்று பெரும்பாலான ஆய்விதழ்களில், வரும் கட்டுரையை ஆசிரியர் அத்துறை வல்லுநர் சிலருக்கு அனுப்புகிறார். "இதை எப்படி அளந்தீர்கள்? வேறு காரணம் இருக்கக் கூடாதா?" என்று அவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். தக்க விடை கூறித் திருத்திய பிறகே அச்சு. சில கட்டுரைகள் திரும்பி வந்துவிடுவதும் உண்டு. அச்சில் வந்த பின்னும் சோதனை ஓய்வதில்லை. பிறர் செய்து பார்த்து வேறு விடை கண்டால், முடிவை மாற்றத்தான் வேண்டும்.

நீங்களும் முயன்று பாருங்களேன்! நீங்கள் செய்த சோதனை ஒன்றை எழுதி, அதைச் செய்திராத நண்பரிடம் கொடுங்கள். உங்களை ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் அதைச் செய்து, அதே விடையைப் பெறுகிறாரா? அப்படியானால் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பாடத்தில் நீங்கள் தேறிவிட்டீர்கள்!