எல்லோராக் குடைவரைகள்

இந்த எரிமலைப் பாறைச் சரிவில் தெற்கிலிருந்து வடக்காக எண்ணிட்ட 34 குடைவரைகள் உள்ளன: 1–12 பௌத்தம், 13–29 இந்து சமயம், 30–34 சமணம். இவை ஏறத்தாழ பொ.ஆ. 600 முதல் 1000 வரை குடையப்பட்டவை.

குகை 10, விசுவகர்மா: இங்குள்ள ஒரே பௌத்த சைத்தியம் (வழிபாட்டுக் கூடம்). கூரையின் வளைந்த விட்டங்கள் மரக்கட்டடத்தைப் பின்பற்றிக் கல்லிலேயே செதுக்கியவை. தூபியின் முன்புறம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்த புத்தரைக் காணலாம்.

குகை 15, தசாவதாரம்: இராஷ்டிரகூட மன்னன் தந்திதுர்க்கனின் கல்வெட்டு முற்றத்து மண்டபத்தில் உள்ளது.

குகை 16, கைலாசநாதர்: 8-ஆம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் எழுப்பிய சிவன் கோயில். அடித்தளத்திலிருந்து கட்டியதல்ல, உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டி இறக்கியது. தென்னாட்டு பாணி விமானத்தைக் காஞ்சி கைலாசநாதர், பட்டடக்கல் விரூபாட்சர் கோயில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்பகுதி 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தில் இருந்தது. 1914-இல் நிஜாம் அரசு அமைத்த தொல்லியல் துறை, குலாம் யஸ்தானியின் தலைமையில் எல்லோராவையும் அஜந்தாவையும் பேணியது. 1983-இல் யுனெஸ்கோ எல்லோராவை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சுவர்களிலும் கூரைகளிலும் பழைய சுதையும் வண்ணமும் எஞ்சியுள்ளன. தயவுசெய்து தொடாதீர்கள்.