கான்கிரீட்டைப் பிளக்கும் கை

கராத்தேயில் வெறும் கையால் கான்கிரீட் பலகையை உடைக்க முதலில் வேண்டியது வேகம். இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடும். பயிற்சியால் கையின் நிறை பெரிதாகக் கூடிவிடாது, வேகம் கூடும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபெல்டும் ரொனால்ட் மெக்நேரும் இதை அதிவேகப் படப்பிடிப்பின் உதவியோடு அளந்தார்கள். மெக்நேர் கறுப்புப் பட்டை பெற்ற கராத்தே வீரர்; பின்னாளில் விண்வெளி வீரராகி, 1986இல் சேலஞ்சர் விபத்தில் உயிரிழந்தவர். இவர்களது ஆய்வுக் கட்டுரை 1979இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வெளிவந்தது. தேர்ந்த வீரரின் கை நொடிக்குச் சுமார் 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம்வரை எட்டுகிறது. அது சில மில்லி நொடிகளில் தடுத்து நிறுத்தப்படுவதால், சுமார் 3,000 நியூட்டன் விசை பிறக்கிறது. ஏறத்தாழ 300 கிலோ எடைக்குச் சமமான இந்த விசை, உள்ளங்கை விளிம்பின் சிறிய பரப்பில் குவிகிறது.

விசை மட்டும் போதாது. பலகை எங்கே பலவீனமாக இருக்கிறது என்பதும் முக்கியம். இரு முனைகளிலும் தாங்கி வைத்த பலகையின் நடுவில் அடி விழும்போது அது இம்மியளவு வளைகிறது. மேற்பரப்பு நெருக்கப்படுகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. கான்கிரீட் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலிமையோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே விரிசல் கை பட்ட இடத்தில் தொடங்குவதில்லை. அடிப்பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கி ஓடுகிறது. வீடுகளின் விட்டத்தில் கம்பியைக் கீழ்ப்பக்கமாகக் கட்டுவதற்கும் இதுவே காரணம். மரப்பலகையை அதன் இழை ஓடும் திசையிலேயே பிளக்கிறார்கள். குறுக்கே உடைப்பது மிகக் கடினம்.

பல பலகைகளை அடுக்கும்போது நடுவே சிறு கட்டைகள் வைத்து இடைவெளி விடுவதைப் பார்த்திருக்கலாம். அது ஏமாற்று வேலை அல்ல என்றாலும், சாதனையை எளிதாக்கும் ஏற்பாடுதான். இடைவெளி இருந்தால் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடையும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வளைத்தாக வேண்டும்.

கை உடையாமல் தப்புவது எப்படி? எலும்பு கான்கிரீட்டைவிடப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். சுற்றியுள்ள தசையும் தசைநாரும் அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்கின்றன. கை முழுமையாக நீள்வதற்குச் சற்று முன்பே அதன் வேகம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதனால் ஆசான்கள் பலகையின் மேற்பரப்பைக் குறிவைக்காமல், அதற்குச் சில அங்குலம் அப்பால் குறிவைக்கச் சொல்கிறார்கள். பயந்து கையைத் தளர்த்துபவரின் வேகம், பலகையைத் தொடும் முன்பே குறைந்துவிடும்.

அப்படிப் பலகை உடையாமல் நின்றால், விசை முழுவதையும் கைதான் தாங்க வேண்டும். விரல் எலும்புகள் முறியலாம். ஆசானின் மேற்பார்வை இல்லாமல், வீட்டில் செங்கல்லிலும் ஓட்டிலும் இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.